கச்சான் காலமும் கடல் கடந்து வந்த ரீச்சர்மாரும்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள், பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நம் கல்லூரியில் படிப்பித்த வெளிநாட்டு ஆசிரியைகள்' என்பதுதான் எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு. அவர்கள் பாடிய பாட்டுகளையும் போட்ட நாடகங்களையும் பற்றி எங்களுக்கு முன்னால் பேசிய அக்கா வடிவாகச் சொல்லிவிட்டார். வைத்தியத் தொழிலில் இருக்கிறவர்களிடம் இதே தலைப்பைத் தந்தால் அவர்கள் எவ்வளவு வேர்த்தார்கள் என்றுதான் முதலில் கேட்போம். அதோடு இன்னொரு காரணமும் உண்டு. இன்று பின்னேரம் பொதுக்கூட்டத்தில் லண்டன், ரொறன்ரோ, மெல்பேண் கிளைகள் சேர்த்த பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்கப் போகிறோம். வருகிற ஆண்டு தன்னார்வ ஆங்கில ஆசிரியைகள் வரக்கூடும். ஆகவே இரண்டு வகுப்பறைகளுக்கு ஏசி பூட்டலாம் என்பது வந்திருக்கிற பிரேரணை. அதைப் பற்றித்தான் இந்தப் பேச்சு முழுவதும். முதலிலேயே சொல்லிவிடுகிறோம், பிறகு யாரும் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லக்கூடாது.

நம் ஊர் வெக்கை எப்படிப்பட்டது என்று வெளியூரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் நமக்கு மழைக்காலம். வாடைக் காற்று, ஈரம், இதமான குளிர். சித்திரை கழிந்ததும் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும். அது கொழும்புப் பக்கத்திலும் மலைநாட்டிலும் தன் மழையையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடேறி நம்மிடம் வந்து சேரும். அதுதான் கச்சான். வைகாசி முதல் புரட்டாதி வரை அது வீசும்போது கிணறு வற்றும், உதடு வெடிக்கும், உட்துறைமுக வீதியில் மத்தியானம் நாய்கூட நடக்காது. 1890ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாள் திருகோணமலையில் 39.8 பாகை செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. அப்போது புகையும் இல்லை, கார்களும் இல்லை. காலநிலை மாற்றத்தைக் கேள்விப்பட்டவரும் இல்லை.

(கச்சான் என்றால் நமக்கு நிலக்கடலையும்தான். 'கச்சான் வந்துவிட்டது' என்று நாங்கள் சொன்னதைக் கேட்டு ஒரு வெளிநாட்டு ரீச்சர் காசை எடுத்துக்கொண்டு கேற்றடிக்கு ஓடிய கதை உண்டு. கதை உண்மையோ தெரியாது, ஆனால் ஒவ்வொரு வகுப்பும் அது தங்களுடைய ரீச்சர்தான் என்று சாதிக்கிறது.)

இந்தக் கரைக்கு வந்த முதல் ஆங்கில ஆசிரியர்களின் கதை சிரிப்பான கதை இல்லை. 1813 டிசம்பர் கடைசியில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த இளைஞர் குழு ஒன்று இலங்கைக்குக் கப்பலேறியது. தலைவர் தோமஸ் கோக் நடுக்கடலிலேயே இறந்துபோனார். மற்றவர்கள் 1814 ஜூன் 29ஆம் திகதி காலியில் இறங்கினார்கள். அவர்களில் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். பள்ளிக்கூடம் தொடங்கினார், தமிழ் படித்தார், அடுத்த ஏப்ரலில் நோயில் இறந்தார். கிழக்கு மாகாணத்தில் அவர் இருந்தது எட்டு மாதம்தான்.

அதன் பிறகு வந்தவர்கள் உடம்பைக் காப்பாற்ற என்னென்னவோ செய்தார்கள். தலையில் கனத்த சூரியத் தொப்பி. வயிற்றில் குளிர் பட்டால் வாந்திபேதி வரும் என்று நம்பி, இந்த வெயிலில் வயிற்றைச் சுற்றிக் கம்பளிப் பட்டி! இராணுவத்திலேயே அதைக் கொடுத்தார்கள். வசதியுள்ளவர்கள் வெக்கை காலத்தில் நுவரெலியாவுக்கு ஏறிவிடுவார்கள். பங்கா இழுக்க ஆள் வைத்திருந்த வீடுகளில் துரைக்குக் காற்று வந்தது, கயிறு இழுத்தவருக்கு வேர்வை வந்தது. ஆனால் ஒன்று, அவர்கள் கட்டிய கட்டிடங்களைப் பாருங்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் டொக்யாட் பக்கத்திலும் நிற்கிற பழைய கட்டிடங்களில் உயர்ந்த கூரை, தடித்த சுவர், நாலு பக்கமும் விறாந்தை. கம்பளிப் பட்டி விஷயத்தில் பிழைவிட்டவர்கள் விறாந்தை விஷயத்தில் பிழைவிடவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நம் ஊருக்கு வந்த அமெரிக்க இயேசு சபைக் குருமாரை இங்கே நினைக்க வேண்டும். 1947இல் திருகோணமலை ஆயரான இக்னேஷியஸ் கிளெனி ஆண்டகை மெக்சிகோ நகரில் பிறந்தவர், நியூ ஓர்லியன்ஸ் மாகாணச் சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையிலிருந்து வந்தவர்கள் நம் அண்ணன் தம்பிமாருக்குப் புனித சூசையப்பர் கல்லூரியில் படிப்பித்தார்கள். யூஜின் ஹெபர் அடிகளார் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அவர் போய்ச் சேரவில்லை. இந்தக் குருமார் பலர் லூசியானாக்காரர். லூசியானாவில் கோடை நம் ஊரைப்போலவே புழுங்கும். அவர்களுக்கு வேர்வை புதிதில்லை. வெளிநாட்டார் என்றால் எல்லாருமே வெயிலுக்கு வாடுகிறவர்கள் என்று நாம் நினைக்கிறோமே, அது சரியில்லை. எந்த நாடு என்பதைவிட எந்த மாதம் வந்தார்கள் என்பதுதான் பெரிய விஷயம். அதை எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு ரீச்சரை வைத்துச் சொல்கிறோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் பத்தாம் வகுப்பு. யுத்த காலம், மின்சாரம் வந்தால் வந்ததுதான். மூதூரிலிருந்து லோஞ்சிலும் கிண்ணியாவிலிருந்து பாதையிலும் வந்த பிள்ளைகள் பாடசாலைக்கு வரும்போதே பாதி களைத்துப்போயிருப்பார்கள். அந்த ஜூன் மாதத்தில் ஸ்கொட்லாந்திலிருந்து ஒரு ரீச்சர் ஆங்கிலம் படிப்பிக்க வந்தார். உயரமான, மெலிந்த பெண். முதல் வாரம் அவருடைய முகம் செவ்வரத்தம்பூ நிறம். வேர்வையில் சோக்கு கையிலிருந்து வழுக்கும். யாரோ அன்பாக ஒரு நைலக்ஸ் சாரி கொடுத்து, அவரும் மரியாதைக்காக அதைக் கட்டிக்கொண்டு வந்து, இரண்டாம் பாடத்தில் கதிரையில் அமர்ந்துவிட்டார்.

உடனே கல்லூரி முழுவதும் பதறியது. அலுவலகத்தில் இருந்த ஒரேயொரு ஸ்ராண்ட் பானை இரண்டு அக்காமார் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வகுப்பில் வைத்தார்கள். செவ்விளநீர் வெட்டி வந்தது. எங்கள் வகுப்பறைக்குள் மின்விசிறி வந்தது அதுதான் முதல் தடவை. ரீச்சரின் பாடம் முடிந்ததும் பானும் அவரோடு அடுத்த வகுப்புக்குப் போனது. கணக்குப் பாடத்துக்கு நாங்கள் கொப்பி மட்டையால் விசிறிக்கொண்டோம். அதில் எங்களுக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. விருந்தாளி வேர்த்தால் வீட்டுக்காரருக்கு வெட்கம். பிள்ளை வேர்த்தால் பிள்ளை வேர்க்கத்தானே செய்யும்.

மூன்றாம் நாள் ரீச்சர் கேட்டார்: "இந்த அறையில் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறோம். காற்று ஏன் எனக்கு மட்டும்?" பானைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார். பிறகு சுவரில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, இன்னொன்றை வேம்படியில் கட்டி, மணிக்கு ஒருவராக எங்களையே வாசித்து வரைபடம் கீறச் சொன்னார். ஆங்கிலப் பாடத்தில் வரைபடம் ஏன் என்று சிலர் முறுமுறுத்தார்கள். பத்து மணிக்குப் பிறகு வகுப்பறைக் கோடு எப்போதும் வேம்படிக் கோட்டுக்கு மேலேயே நின்றது. கூரைக்குக் கீழே இருக்கிற நாங்கள் மரத்துக்குக் கீழே இருக்கிற மான்களைவிடச் சூட்டில் இருந்தோம். (வெளியூரிலுள்ளவர்களுக்கு: நம் ஊர் மான்கள் இன்னும் வீதியில்தான் திரிகின்றன.) 1964 டிசம்பர் புயல் பழைய ஓட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனதும் அவசரத்துக்கு அஸ்பெஸ்டஸ் தகடு போட்டார்கள் என்று மூத்த அக்காமார் சொல்லுவார்கள். அந்த அவசரம் இன்னும் முடியவில்லை.

ரீச்சர் அதிபரிடம் கேட்டு எங்கள் ஆங்கிலப் பாடத்தைக் காலை ஏழரைக்கு மாற்றிக்கொண்டார். இடைவேளைக்குப் பின் வாசிப்பு, வேம்படியில். ஜூலை நடுப்பகுதியில் அவர் முகம் சிவப்பதும் நின்றுவிட்டது. "நம் ஊர்த் தண்ணி பிடித்துவிட்டது" என்றார்கள் பெரியவர்கள். நாங்கள் மருத்துவம் படிக்கப்போன பிறகுதான் அதன் பெயர் வெப்பப் பழக்கம் என்று தெரிந்தது. ஒரு உடம்பு வெக்கைக்குப் பழக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் எடுக்கும். இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும். வேர்வை முந்தித் தொடங்கும், நிறைய வரும். ஆரம்பத்தில் உப்பாக வந்த வேர்வையில் உப்புக் குறையும். இதயம் அவ்வளவு வேகமாக அடிக்க வேண்டியிராது. இதில் முக்கியமான ஒன்று: வெக்கையில் இருந்தால்தான் இந்தப் பழக்கம் வரும். நாள் முழுவதும் ஏசி அறையில் இருந்துவிட்டு நாற்பது நிமிடம் மட்டும் வெளியே வருகிறவருக்கு அது வரவே வராது. ஒவ்வொரு நாளும் அவருக்கு முதல் நாள்தான்.

ஆகவே புதிதாக வரப்போகிற ஆசிரியைகள் பற்றி எங்கள் மருத்துவக் கருத்து இது. அவர்களை மே மாதத்தில் வரவழைக்காதீர்கள். ஜனவரியில், முதலாம் தவணை தொடங்கும்போது வரட்டும். அப்போது ஊர் இதமாக இருக்கும். வெயில் ஏற ஏற உடம்பும் பழகும். வந்த முதல் இரண்டு வாரம் முழு நேரசூசி கொடுக்க வேண்டாம். பாடத்துக்கு ஒரு கிளாஸ் தண்ணீர். தேசிக்காய்த் தண்ணியில் சீனியோடு கொஞ்சம் உப்பும். பிளேன்டீ தாராளமாகக் குடிக்கலாம், அது உடம்பைக் காயவைக்கும் என்பது பெரிய பயம்தான். ஜீவனிப் பக்கற் ஒன்று கைப்பையில் இருக்கட்டும். பருத்திச் சாரி, பருத்திச் சட்டை. நைலக்ஸ் அன்பளிப்பு வேண்டவே வேண்டாம். ஏசி ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் அதை அவர்கள் தூங்குகிற அறையில் பூட்டுங்கள். பகல் முழுவதும் வெக்கையில் உழைத்த உடம்பு இரவில் ஆறினால்தான் மறுநாள் எழும்பும். தலைச்சுற்று, வாந்தி, கால் பிடிப்பு வந்தால் நிழலில் படுக்கவைத்து நனைத்துக் காற்றுப்படச் செய்து குடிக்கக் கொடுங்கள். பேச்சுக் குழம்பினாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் வராவிட்டாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். நனைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். 'கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்' என்று வைத்திருக்கிற விஷயமில்லை அது.

இனி வகுப்பறை ஏசி. இதில் எங்களுக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. சத்திரசிகிச்சைக் கூடத்தில் அது இல்லாமல் நாங்களே வேலை செய்ய மாட்டோம். 1902இல் வில்லிஸ் கரியர் அந்த இயந்திரத்தை வடிவமைத்தது மனிதருக்காக அல்ல, புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரத்தால் கடதாசி சுருங்காமல் இருக்க. மனிதரோடு அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சும்மா இருக்கிற பிள்ளை ஒன்றின் உடம்பு, எரிகிற பழைய குண்டு பல்ப் ஒன்றைப்போலச் சூட்டை வெளிவிடும். நாற்பது பிள்ளைகள் இருந்தால் கிட்டத்தட்ட மூன்று கிலோவாற், அதாவது மூன்று இஸ்திரிப்பெட்டியைப் போட்டுவிட்டு அறையைப் பூட்டியதுபோல. வீட்டுப் படுக்கையறைக்குப் பூட்டுகிற 12,000 பிரியூ ஏசி ஒன்றின் சக்தி மூன்றரைக் கிலோவாற். பிள்ளைகளின் சூட்டை எடுக்கவே அது போய்விடும். தலைக்கு மேல் கொதிக்கிற தகட்டுக்கு என்ன செய்வது? பெரிய இயந்திரம் வேண்டும், இரண்டு வேண்டும். அதன் பிறகு ஜன்னலைச் சாத்த வேண்டும். சாத்திய அறையில் நாற்பது பேர் மூச்சு விட்டால் ஒரு பிள்ளையின் கொப்புளிப்பான் ஒரு கிழமையில் வகுப்புக்கே சொந்தமாகும்.

மின்சாரப் பட்டியலை யார் கட்டுவது? 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். அந்த ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது, அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். ஏசி பூட்டத் தருகிற கிளைகள் மாதாமாதம் பட்டியலுக்கும் தருமா என்று கேட்டால் அக்காமார் கோபிக்கக்கூடாது. பூட்டியபின் ஓடாமல் சுவரில் தொங்குகிற பெட்டிகளை நம் ஊரில் எத்தனை அலுவலகங்களில் பார்க்கிறோம். ஒரு ஏசி இழுக்கிற மின்சாரத்தில் பத்துப் பன்னிரண்டு சீலிங் பான் சுற்றும். காற்று 40 பாகையைத் தொடாத வரை விசிறி உடம்புக்கு நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நம் ஊர் கச்சானில்கூட அந்த எல்லைக்கு இந்தப்பக்கம்தான் இருக்கிறோம். கச்சான் காய்ந்த காற்று என்பதால் அதில் ஈரம் சீக்கிரம் ஆவியாகும். மண்பானைத் தண்ணி அந்த மாதங்களில்தான் நல்லாகக் குளிரும். நனைத்த துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பானுக்குக் கீழே இருந்து பாருங்கள். அதை அந்த ஸ்கொட்லாந்து ரீச்சர் தானாகவே கண்டுபிடித்தார்.

2010 மே மாதத்து வெப்ப அலையில் இந்தியாவின் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். அந்த நகரம் 2013இல் வெப்பத்துக்கென்றே ஒரு செயற்றிட்டம் போட்டது. பின்னர் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசுவதையும் அதில் சேர்த்தார்கள். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். வெள்ளைச் சீருடை போட்ட நாம் அறியாத இரகசியமா அது?

வெக்கை படிப்பைத் தின்னும் என்பதற்கு இப்போது ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு கோடி மாணவர்களின் பரீட்சைப் புள்ளிகளை வைத்துச் செய்து 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஏசி இல்லாத பள்ளிகளில் ஆண்டு ஒரு பரனைற் பாகை கூடச் சூடானால் அந்த ஆண்டுப் படிப்பில் ஏறக்குறைய ஒரு வீதம் குறைகிறது என்று கண்டது. அதை வாசித்தபோது எங்களுக்கு உயர்தரப் பரீட்சைதான் நினைவுக்கு வந்தது. எங்கள் தலைமுறை அதை ஓகஸ்ட் மாதத்தில் எழுதியது. அதே நாள், அதே வினாத்தாள், அதே மூன்று மணித்தியாலம். நுவரெலியாவில் சுவெட்டர் போட்டு எழுதினார்கள், இங்கே முழங்கைக்குக் கீழே கைலேஞ்சி விரித்து, விடைத்தாள் நனையாமல் எழுதினோம். இசட் புள்ளிக்கு வெக்கைக் கழிவு கிடையாது. அண்மைக் காலத்தில் சாதாரண தரப் பரீட்சையும் மே மாதத்துக்கு வந்து போயிருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஆண்கள் சபையில் இதைச் சொல்லத் தயங்குவோம், இங்கே தயங்கத் தேவையில்லை. அந்த ரீச்சர் ஒருநாள் "உங்களில் ஏன் ஒருவரும் தண்ணீர் குடிப்பதில்லை?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். ஒரு பிள்ளை மெல்ல, "குடித்தால் போக வேண்டும், மிஸ்" என்றாள். ரீச்சர் எழுந்து எங்கள் மலசலகூடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்று பாடம் நடக்கவில்லை. அதிகாலை ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து புறப்படுகிற பிள்ளை பின்னேரம் மூன்று மணிக்கு வீடு போய்த்தான் சலம் கழிப்பாள் என்றால், அவள் தண்ணீரைத் தொடமாட்டாள். இன்றும் கச்சான் காலத்தில் எங்கள் கிளினிக்குக்குச் சலக்கடுப்போடும் காய்ச்சலோடும் வருகிற பெண்பிள்ளைகளிடம் நாங்கள் முதலில் கேட்பது 'ஸ்கூலில் தண்ணீர் குடிக்கிறீங்களா?' என்றுதான். பதில் அதே சிரிப்பு. மாதவிடாய் நாட்களில் சிரிப்பும் இல்லை, பாடசாலைக்கே வரவில்லை.

எனவே எங்கள் தொகுதி சார்பாக ஒரு திருத்தப் பிரேரணை கொண்டுவருகிறோம். முதலில் மலசலகூடம்: தண்ணீர் வருகிற, உள்ளே கொண்டி போடக்கூடிய பன்னிரண்டு, சுத்தம் செய்கிறவருக்கு மாதச் சம்பளத்தோடு. இரண்டாவது, கடற்கரைப் பக்க மண்டபத்தின் அஸ்பெஸ்டஸ் தகட்டை முறைப்படி கழற்றி ஓடு போட்டு, கீழே சீலிங் அடிப்பது. நிதி போதாத கட்டிடத்துக்கு அதுவரை வெள்ளைப் பூச்சு. மூன்றாவது, அறைக்கு நாலு பான், மேற்குப் பக்கம் விறாந்தை இறக்கி, வேம்பும் பூவரசும் நடுவது. மிஞ்சினால் ஒரு ஏசி நோயாளர் அறைக்கு, ஒரு ஏசி வெளிநாட்டு ஆசிரியைகளின் விடுதி அறைக்கு. கணினி அறையில் ஏற்கெனவே ஒன்று உண்டு. கணினிக்கு வேர்க்கக்கூடாது என்று நாம் எப்போதோ முடிவெடுத்துவிட்டோம்.

மதிப்பீட்டுப் பிரதிகள் பக்கத்து மேசையில் இருக்கின்றன. தேநீர் இடைவேளையில் எடுத்து வாசியுங்கள். வாசித்துக்கொண்டே பின்பக்கக் கட்டிடம் வரைக்கும் நடந்து பாருங்கள். பழைய இடம் எல்லோருக்கும் தெரியும். கிளைகளின் பிரதிநிதிகள் இன்று சம்மதித்தால் அடுத்த கிழமையே மேசன்மாரை வரச்சொல்லலாம். ஐப்பசியில் வாடை மழை பிடித்துவிட்டால் கூரையில் ஏற ஆள் கிடைக்காது.